நாத்தனாரின் கீழ்த்தாடை

அச்சக்காவுக்கு முகம் நினைவில் நிற்காது, பல் நிற்கும். மூன்று வருஷத்துக்கு முன் வந்துபோன ஒருவர் மார்க்கெட்டில் எதிரே வந்து நலம் விசாரித்தால், யார் இவர் என்று திருதிருவென விழிப்பாள். அவர் சிரித்துவிட்டால் போதும். "அட, நீங்களா! மேல வலப்பக்கம் கோரைப்பல் கொஞ்சம் திரும்பி நிக்குமே, இப்ப எப்படி இருக்கு?" என்று நடுத்தெருவில் நின்று வாய் நிறையக் கேட்பாள். கேட்கப்பட்டவர் அன்று முழுக்கக் கண்ணாடியை விட்டு நகரமாட்டார்.

வீட்டில் இதைச் சொல்லியே அவளை ஓட்டுவார்கள். "நான் பல்லைக் காட்டினாத்தான் இவ கதவைத் திறப்பா," என்பான் கணவன். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன். நாளெல்லாம் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதே பிழைப்புதான். மேல்மாடியில் மனைவி, கீழ்மாடியில் அக்கா.

பல் மருத்துவமனை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. முன்னறையில் ஆறு நாற்காலிகள், நடுவறையில் டாக்டரம்மாவின் சாய்வு நாற்காலி, பின்னறை முழுக்க அச்சக்காவின் ராஜ்யம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவள் அங்கே சேர்ந்தது முன்னறையில் உட்கார்ந்து பேர் எழுதத்தான். பின்னறையில் வேலை பார்த்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "யாருக்காவது பிளாஸ்டர் கலக்க வருமா?" என்று கேட்டார். முன்னறையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. அவள் எடுத்த முதல் அச்சில் முன்பல் இரண்டும் உடைந்து தனியாக வந்தன. டாக்டரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, ஒரே மாதத்தில் வேலையைக் கரைத்துக் குடித்துவிட்டாள். அச்சு எடுக்கிற அக்கா என்று முதலில் சொன்னார்கள், பிறகு அச்சக்கா ஆனாள். அவளுடைய சொந்தப் பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

வேலை இதுதான். டாக்டரம்மா ஒரு வளைந்த தட்டில் இளஞ்சிவப்புப் பசையை நிரப்பி நோயாளியின் பல்லில் அழுத்தி எடுத்துத் தருவார். அதில் பல்வரிசை குழிகுழியாகப் பதிந்திருக்கும். பசை காய்ந்தால் சுருங்கிவிடும், அதனால் தட்டு கைக்கு வந்ததும் அச்சக்காவுக்கு வேறு உலகமே கிடையாது. ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் வகையான கல் பவுடரையும் தண்ணீரையும் குழைத்து, நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மெஷின் மேல் தட்டை வைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். கலவை இறுகும்போது தானாகவே சூடாகும். இறுகியதும் பசையை உரித்தால் உள்ளே ஒரு மனிதரின் தாடை வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும். மேல் ஒன்று, கீழ் ஒன்று. இரண்டையும் கீல் வைத்த ஒரு பித்தளைச் சட்டத்தில் பொருத்திவிட்டால் திறக்கும், மூடும், மெல்லும். பேச மட்டும் செய்யாது.

அந்தக் கடைசிக் குணத்துக்காகவே டாக்டரம்மாவுக்கு அச்சுகள் மேல் அப்படி ஒரு பிரியம். "வாய்க்குள்ள என்ன தெரியுது? நாக்கு குறுக்க வரும், கன்னம் குறுக்க வரும், அப்புறம் அவங்க கையே குறுக்க வரும்," என்பார். அச்சைத் தலைகீழாகக் கவிழ்க்கலாம், தொண்டைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், பென்சிலால் கோடு போடலாம். எந்தப் பல்லை எடுப்பது, எதை வைத்துக்கொள்வது, எங்கே இட்டு நிரப்புவது என்று எல்லாவற்றையும் முதலில் கல்லில் பார்த்துவிட்டுத்தான் மனிதரிடம் போவார். மெழுகில் பல் செய்து அச்சில் ஒட்டி, "இப்படித்தான் வரப்போகுது" என்று காட்டுவார். ஒரு தபால்காரர் அந்த மெழுகுப் பல்லைப் பார்த்துவிட்டு, இன்னும் வாயில் ஒன்றும் நடக்காதபோதே, கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். பதினைந்து வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தவர். அன்று அச்சக்கா பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெறுமனே குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது அந்த மாதிரிச் சிரிப்புதான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

நாத்தனார் தையல்காரி. கீழ்மாடியில் தெருவைப் பார்த்த அறையில் இரண்டு மெஷின், ஒரு பெரிய மேஜை, சுவரெல்லாம் தொங்கும் சட்டைகள். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வாய் அதைவிட வேகம். தம்பி பொண்டாட்டி மாடிப்படி இறங்கினால் செருப்புச் சத்தத்தில் ஒரு குறை, ஏறினால் மூச்சு வாங்குவதில் ஒரு குறை. திரைச்சீலையின் நிறம் சரியில்லை, பாத்திரத்துக்குச் சோப்பு ஜாஸ்தி, ஜன்னலை அந்தப் பக்கம் திறந்திருக்கக் கூடாது. அச்சக்கா ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. "சரி அண்ணி" என்ற இரண்டு வார்த்தையில் பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். சொல்லாத பதிலெல்லாம் உள்ளே அடுக்கடுக்காகத் தங்கியிருந்தது.

நாத்தனாருக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கடைவாய்ப்பல் போய் ஒன்பது வருஷம். அந்த இடைவெளிக்கு அந்தப்பக்கம் கடைசிப் பல் ஒன்று மட்டும் தனியாக நின்றது. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் தூணாக வைத்து நடுவில் ஒரு பல்லைக் கட்டிவிடலாம், பிரிட்ஜ் என்பார்களே, அதுதான் டாக்டரம்மாவின் எண்ணம். எதற்கும் அச்சு எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார்.

அச்சு எடுத்தது ஒரு கூத்து. பசைத் தட்டு வாயில் இருக்கும்போதே நாத்தனார் பேசினாள். கடித்த நிலையைப் பதிய வைக்க ஒரு மெழுகுத் தகட்டைக் கொடுத்தால், அதைக் கடித்துக்கொண்டே தையல் மெஷினின் பெல்ட் அறுந்த கதையைச் சொல்லி முடித்தாள். மெழுகு கசங்கி ஒன்றுக்கும் ஆகவில்லை. "பல்லைச் சேர்த்துக் கடிங்கம்மா" என்றால் தாடையை முன்னால் நீட்டிக்கொண்டு, "இப்படியா?" என்றாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அச்சக்கா, நீங்களே கையால சேர்த்து வச்சுப் பொருத்திடுங்க. இவங்க வாய் நிக்காது."

பின்னறையில் கல் இறுகியது. பசையை உரித்தாள் அச்சக்கா. நாத்தனாரின் கீழ்த்தாடை உள்ளங்கையில் சூடாக உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வாய் அவள் முன்னால் அசையாமல் இருப்பது அதுதான் முதல் தடவை.

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஏன் அண்ணி," என்று ஆரம்பித்தாள், மெதுவாகத்தான். "சோப்பு ஜாஸ்தின்னு சொன்னீங்களே, போன வாரம் உங்க டம்ளர்ல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சே, அதை நான் சொன்னேனா?" தாடை பதில் சொல்லவில்லை. அச்சக்காவுக்குக் குஷி பிறந்துவிட்டது. அச்சின் ஓரங்களைச் சாணை மெஷினில் தேய்த்தபடியே செருப்புச் சத்தத்துக்கு ஒரு பதில் சொன்னாள். ஜன்னலுக்கு ஒன்று. திரைச்சீலைக்கு மட்டும் மூன்று பதில் இருந்தது, மூன்றையும் சொன்னாள். ஓட்டை விழுந்த பை போலக் கொட்டித் தீர்த்தாள். மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு அச்சையும் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பல் பல்லாக விரல்நுனியால் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். பசையில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் அந்தக் குழியில் கல் புகுந்து, அச்சில் ஒரு முண்டாக நிற்கும். அதைக் கத்திமுனையால் தட்டிவிட வேண்டும். மேல்தாடையை அப்படித்தான் பார்த்தாள். கீழ்த்தாடையோடு பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தபடியால் விரல் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டையும் சேர்த்துச் சட்டத்தில் பொருத்தி, பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மா அச்சை வைத்துக்கொண்டு நாத்தனாருக்கு விளக்கினார். முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இங்க பாருங்கம்மா. கடைசிப் பல்லு மட்டும்தான் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. முன்பல்லு சேரவே இல்லை, நடுவுல ஒரு தீக்குச்சி போகும். பக்கத்துப் பல்லு போனதுல இது சாய்ஞ்சு தூக்கிட்டு நிக்குது. இதை எடுத்தாத்தான் மத்ததெல்லாம் சேரும்."

"எடுத்தா பிரிட்ஜ் எப்படிக் கட்டுவீங்க?"

"கட்ட முடியாது. பின்னால தூண் இல்லையே. கழட்டி மாட்டுற பல்செட்டுதான்."

நாத்தனார் அச்சை உற்றுப் பார்த்தாள். "இது என் பல்லே இல்லை," என்றாள்.

அதை எல்லா நோயாளிகளும் சொல்வார்கள். தன் பல்லைக் கல்லில் பார்த்து, ஆமாம் இது நான்தான் என்று ஒத்துக்கொண்டவர் யாருமில்லை. அதனால் டாக்டரம்மாவும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அச்சக்காவும் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்லை எடுப்பது என்று முடிவானது.

அன்று வீடு திரும்பும் வழியில் நாத்தனார் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "நான் ஊசியை உதட்டுல வச்சுக்கிட்டுக் குனிஞ்சு அளவெடுக்கிறவ. செட்டு கழண்டு ஒருத்தர் காலடியில விழுந்துச்சுன்னா அப்புறம் யாரு வருவா எங்கிட்ட?" அவ்வளவுதான். பிறகு பேசவில்லை. மாடிப்படியில் அச்சக்காவின் செருப்பு சத்தம் போட்டது, கீழ்மாடியிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஜன்னலை இவள் வேண்டுமென்றே தப்பான பக்கம் திறந்து வைத்தும் பார்த்தாள். ஊஹூம்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றான் கணவன், சோற்றைப் பிசைந்தபடி. "கீழ போனேன். வா-ன்னு கூடச் சொல்லலை. எனக்குப் பயமா இருக்கு."

அச்சக்காவுக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்த அமைதிக்காகத்தானே இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று நினைத்துப் பார்த்தாள். கிடைத்தது தொண்டையில் இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே நாத்தனார் முன்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்காரக் கை விடவில்லை. யாரோ ஒருவருடைய சட்டையை எடுத்து வந்து, மடியில் போட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டரம்மா மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அச்சக்கா கையில் வேறொருவருடைய பசைத் தட்டோடு முன்னறையைக் கடந்தாள்.

நாத்தனார் பொத்தானை முடித்து, நூலை இழுத்து, முன்பல்லால் நறுக்கென்று கடித்தாள். நூல் அறுந்தது.

அச்சக்கா இரண்டடி போய்விட்டு நின்றாள். திரும்பி வந்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவை கடிங்க."

"எதை?"

"நூலை. அதே மாதிரி. முன்பல்லால."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இருந்தாலும் ஒரு முழம் நூலை உருவி எடுத்துக் கடித்தாள். நறுக். அச்சக்கா தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையிலேயே குந்தி, அந்த வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். "இன்னும் ஒண்ணு." மேலும் கீழும் முன்பற்கள் முத்தமிட்டுக்கொண்டதுபோலச் சேர்ந்தன. நூல் விழுந்தது. பக்கத்தில் காத்திருந்த ஒரு பெரியவர் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார், அடுத்து தன்னையும் கடிக்கச் சொல்வார்களோ என்று.

தீக்குச்சி போகிற இடைவெளியில் நூலை எப்படி அறுக்க முடியும்?

அச்சக்கா பசைத் தட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். பின்னறைக்கு ஓடினாள். நாத்தனாரின் கீழ்த்தாடையைச் சட்டத்திலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செவ்வாய்க்கிழமை போகாத விரலை இப்போது அனுப்பினாள். கடைசிப் பல்லின் நடுப் பள்ளத்தில், பல்லோடு பல்லாக, கடுகளவு ஒரு முண்டு. காற்றுக் குமிழி. அந்தக் கடுகுதான் இரண்டு தாடையையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. நல்ல பல்லைக் குற்றவாளியாக்கியதும் அதுதான்.

கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் முண்டு போய்விடும். டாக்டர், இன்னொரு தடவை பாருங்களேன் என்று பட்டும் படாமலும் சொல்லிவிடலாம். அந்த முதல் மாதத்துக்குப் பிறகு அச்சக்காவின் அச்சில் குறை என்று யாரும் சொன்னதில்லை, இனிமேலும் சொல்லமாட்டார்கள். கத்தியை எடுக்கவும் எடுத்தாள். ஆனால் முண்டு இல்லாத அச்சைக் கொண்டுபோனால், நீங்கள் இன்று வேறு மாதிரி சேர்த்து வைத்திருக்கிறீர்கள், அன்று வைத்ததுதான் சரி என்று டாக்டரம்மா சொல்லிவிடுவாரே. ஊசி வேறு தயாராக இருக்கிறது. கத்தியைக் கீழே வைத்தாள். முண்டு முண்டாகவே இருக்க, இரண்டு தாடைகளையும் ஏந்திக்கொண்டு நடுவறைக்குள் நுழைந்தாள். நாத்தனார் அதற்குள் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"டாக்டர், பல்லைத் தொடாதீங்க. தப்பு என்மேல. இந்த முண்டை நான் பாக்கலை."

டாக்டரம்மா அச்சை வாங்கினார். கட்டைவிரலால் தடவினார். மேஜையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். கடுகு எங்கேயோ தெறித்தது. மேல்தாடையைக் கீழ்த்தாடை மேல் வைத்தார். டக்கென்று ஒரு சத்தம், வரிசை முழுக்க ஒரே நேரத்தில் உட்கார்ந்தது.

"அம்மா, எச்சிலை முழுங்குங்க," என்றார் நாத்தனாரிடம்.

விழுங்கும்போது யாருக்கும் தாடை தன் இடத்துக்குத் தானாக வந்துவிடும். நாத்தனார் விழுங்கினாள். டாக்டரம்மா உதட்டை விலக்கிப் பார்த்தார். முன்பற்கள் சேர்ந்திருந்தன. மெல்லிய ஒரு தாளை நடுவில் வைத்து மறுபடி விழுங்கச் சொல்லி, இழுத்துப் பார்த்தார். வரவில்லை, கிழிந்தது.

"அன்னைக்கே இதைச் செஞ்சிருக்கணும் நான்," என்றார் டாக்டரம்மா. "வாய் இங்க இருக்கும்போது கல்லைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்." ஊசித் தட்டைத் தள்ளி வைத்தார். "பல்லு இருக்கட்டும். பிரிட்ஜே கட்டிடலாம். புதுசா அச்சு எடுத்துட்டு, இந்தத் தடவை ரெண்டையும் பாத்துட்டுக் கட்டலாம்."

நாத்தனார் ஒரு கண்ணைத் திறந்தாள். "செட்டு?"

"செட்டு இல்லை."

"கழட்டி மாட்டுறது?"

"இல்லம்மா. பூமி அதிர்ந்தாலும் கழலாது."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடந்த முகம் விரிந்தது. பிறகு அவளுடைய பார்வை தம்பி பொண்டாட்டி மேல் போய் நின்றது. "நீ பெரிய கைகாரின்னு ஊரே சொல்லுதே. என்னோடதுல மட்டும் எப்படித் தப்பு வந்துச்சு?"

அச்சக்காவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. சொல்லவும் நேரமில்லை. "உங்க தாடைகூடப் பேசிட்டு இருந்தேன் அண்ணி."

"என்ன பேசினே?"

"நீங்க இத்தனை வருஷமா சொன்னதுக்கெல்லாம் பதில் சொன்னேன். சோப்பு, செருப்பு, ஜன்னல், திரைச்சீலை, எல்லாத்துக்கும். அந்த சந்தோஷத்துல முண்டைப் பாக்காம விட்டுட்டேன்."

டாக்டரம்மா முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனார் அந்தக் கல் தாடையைத் திரும்பிப் பார்த்தாள். "அது ஏதாவது பதில் சொல்லுச்சா?" என்றாள்.

"இல்லை அண்ணி."

"அப்ப அதுல என்னடி சுகம்?" நாத்தனாரின் குரல் உடைந்தது. கோபத்தில் இல்லை. "பதினெட்டு வருஷம். நானும் ஒவ்வொண்ணா எடுத்து விட்டுப் பாக்கிறேன், இவ இப்பவாவது திருப்பி ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா, ரெண்டு பேரும் உக்காந்து நல்லா ஒரு சண்டை போட்டுட்டுக் காப்பி குடிக்கமாட்டோமான்னு. சரி அண்ணி, சரி அண்ணின்னு நீ மாடியேறிப் போயிடுவே. நான் மெஷின்கூடப் பேசிட்டு இருப்பேன். எல்லாத்தையும் போய்ச் சுண்ணாம்புக்கிட்ட சொல்லியிருக்கியே, பாவி!"

அச்சக்காவின் கண் நிறைந்துவிட்டது. அதே நேரத்தில் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க மூச்சு விட்டாத்தானே அண்ணி நான் நடுவுல பேச முடியும்?"

நாத்தனார் வாயைப் பிளந்தாள். கடைசிப் பல் வரை தெரியும்படி, சாய்வு நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள்.